முழங்கா

எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லும் அந்த வரைபடத்தை
யாரோ நாலைந்து பேர் காசு வாங்காமல் எழுதி
கதவைப் பூட்டாமல் விட்டுப் போயிருக்கிறார்கள்.
உள்ளே வரலாம், திருத்தலாம்.

நான் கண்ட பிழை சின்னது.
பொத்தானில் 'முழங்கா' என்று இருந்தது.
ஏதோ காய் மாதிரி,
கூறு இருபது ரூபாய் மாதிரி.
அதன் மேலே 'கணுக்கா'.
'இடுப்பு' மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது.
ஆங்கிலத்துக்கு மாற்றினால் எல்லாம் சரி,
நாலெழுத்து, இரண்டு பக்கமும் காற்றோட்டம்.
தையற்காரர் வேறு உடம்புக்கு அளவெடுத்திருக்கிறார்.

மாற்ற வேண்டியது ஒரே ஒரு எண்.
அதற்கு மொத்த வரைபடமும் முதலில் என் மடிக்கு வர வேண்டும்.

ரிச்சி தெருவில் ஒன்பதாயிரத்துக்கு வாங்கிய லேப்டாப்.
'என்' விசை குழிக்குள் போய்விட்டது, நகத்தால் குத்த வேண்டும்.
நோட், என்பிஎம்,
இந்த வேலையில் எல்லாம் என்னில்தான் தொடங்குகிறது.

'ஐந்து நிமிடத்தில் ஓடும்' என்கிறது ரீட்மீ.
எழுதியவர் வீட்டில் ஓடியிருக்கும்.
என்னிடம் இருந்த நோட் பழசு.
இருபதைப் போட்டேன், இருபது அதிகமாம்.
பதினெட்டுதான் வேண்டுமாம், கூடவும் கூடாது குறையவும் கூடாது.

பிறகு பொட்டலங்கள் வரத் தொடங்கின.
ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம்.
நிறத்துக்கு ஒன்று,
நிறத்தைக் கைப்பிடித்து அழைத்து வர ஒன்று,
எண் ஒற்றைப்படையா என்று பார்த்துச் சொல்வதைத் தவிர
வேறெதுவும் தெரியாத ஒன்று.

அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றது.
இன்றைய ஒன்றரை ஜிபி தீர்ந்தது.
மணி பதினொன்று முப்பத்தெட்டு.
நாள் பிறந்தால்தான் நெட் பிறக்கும்.

அண்ணி எப்சிபா எழுந்து வந்தாள்.
மோட்டார் பிளக்கைப் பிடுங்கினாள்,
அரிசி டப்பாவைக் கட்டில்மேல் ஏற்றினாள்.
"இன்னும் அந்தக் கால்தானா?"
"ஒரு 'ல்' மட்டும்தான் அண்ணி."
ஓட்டேரி நல்லா பக்கம் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.
இருட்டில் அது தெரியாது, கேட்கும்.

பன்னிரண்டு.
மிச்சப் பொட்டலங்கள் இறங்கின.
மஞ்சளில் எச்சரித்தது: பதினேழு பலவீனங்கள், மூன்று கடுமையானவை.
பேசின் பிரிட்ஜ் சிக்னலில் மஞ்சளுக்கு யார் நின்றார்கள்?

ஸ்டார்ட் என்றேன்.
மூவாயிரமாம் போர்ட்டில் வேறு யாரோ குடியிருப்பதாகச் சொன்னது.
யாரென்று தேடிப் பிடித்தால்
நேற்றிரவு மூடாமல் தூங்கிப்போன நான்.
என்னைக் காலி செய்துவிட்டு என்னைக் குடிவைத்தேன்.

திறந்தது.
லோக்கல்ஹோஸ்டில் முழுச் சென்னை,
திருவொற்றியூர் முதல் பள்ளிக்கரணை வரை ஒரு தெரு குறையாமல்,
குடித்தனம் நான் ஒருத்தி.

பொத்தானின் அகலம் அறுபத்து நாலு.
அழித்தேன்.
நூற்றுப்பன்னிரண்டு போடலாம் என்றுதான் வந்தேன்.
போடவில்லை.
உள்ளே இருக்கும் சொல்லே அகலத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று
ஒரே வார்த்தையில் எழுதிச் சேமித்தேன்.
பக்கம் தானே ஒருமுறை சிமிட்டியது.
முழங்கால்.
தலையில் புள்ளியோடு.

அண்ணியை எழுப்பிக் காட்டலாமா என்று காலைக் கீழே வைத்தேன்.
சில்லென்றது.
கதவுக்கு அடியில் எப்போது வந்தது தெரியவில்லை.
செருப்பு ஒன்று மெதுவாகத் திரும்பி
சமையலறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

பழக்கத்தில், திருத்திய வரைபடத்திலேயே எங்கள் தெருவைத் தொட்டேன்.
கணுக்கால்.
அழகாக, முழுசாக, நீலமானது தெரு.
செய்தி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது,
என் மேஜைக்கு.

லேப்டாப்பை அரிசி டப்பா மேல் வைத்தேன்.
திருத்தம் இன்னும் அனுப்பவில்லை,
கிளைக்கு ஒரு பெயர் கேட்டுக் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
போனை எடுத்து ஊர் பார்க்கும் பக்கத்தைத் திறந்து
எங்கள் தெருவைத் தேடி
'கணுக்கா'வை அழுத்தினேன்.