ஆட்காட்டித் தெரு

தெருவுக்குப் பெயர் வந்துவிட்டது,
தார் இன்னும் வரவில்லை.
மெப்பனின் ஓரம், ஏம்ஸ் ஆற்றுக்கு இப்பால்,
போன வருடம் சோளம் நின்ற நிலம்.
கீபிட்ஸ் வேக் என்று பலகை.
ஆட்காட்டிக் குருவியின் பெயராம்.
ஆளைக் கண்டால் கத்தி ஊரைக் கூட்டுகிற பறவை,
அதன் தெருவையோ
எந்த வரைபடமும் காட்டுவதில்லை.
பொதி கொண்டுவந்த பையன்
மூன்று தரம் தொலைபேசியில் வழி கேட்டான்,
நான்காம் தரம் ஒரு சப்பாத்தைச்
சேற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

மார்கழி இருபத்திமூன்று.
நாலு பேர், நாற்பத்தொரு பெட்டி,
ஒரே ஒரு வாசற்கதவு.
சமையலறை தையில் வரும்,
உட்கதவுகள் மாசியில், என்கிறது கடிதம்.
அறைகளுக்குப் படுக்கைவிரிப்புக் கட்டியிருக்கிறோம்.
லெவின் விரிப்பின் முன்னே நின்று
"டொக் டொக்" என்று வாயால் தட்டுகிறான்.
"யார்?" என்று கேட்காவிட்டால்
உள்ளே வரமாட்டான்.
பிறந்ததிலிருந்து அக்காவோடு ஒரே அறை;
தட்டுவதற்கு அவனுக்கு
ஒரு கதவு இருந்ததில்லை.

தரைக்குள் இன்னும் தண்ணீர் இருக்கிறதாம்.
கூடத்தின் நடுவே ஈரமுறிஞ்சும் இயந்திரம்
இரவு பகலாய் உறுமிக்கொண்டு,
போக மனமில்லாத விருந்தாளியைப் போல
குடித்தபடியே இருக்கிறது.
அதன் வாளியை ஊற்றும்போதெல்லாம்
பெனடிற் மின்கட்டணத்தை முணுமுணுக்கிறார்.
முப்பது வருடக் கடனில்
இருபத்திமூன்று நாள் முடிந்ததென்கிறார்,
பாதி கட்டிவிட்டவர் மாதிரி.

நாலரைக்கு இருண்டது.
இருண்டபின் ஏதோ கூவியது.
அழைப்புமணியின் குரல் எங்களுக்கே தெரியாது,
இயந்திரம் பழுதென்று ஓடினோம்.
வாசலில் எதிர்வீட்டு ஹில்டெகார்ட் அம்மா,
கையில் ஒரு பாண், ஒரு சின்னப் பை உப்பு.
குடிபுகுந்தவர்க்கு இங்கே அதுதான் வழக்கம்.
விளக்கு வைத்தபின் உப்புக் கைமாறக்கூடாது
என்று கேட்டு வளர்ந்தவள் நான்.
நாலரைக்கே விளக்கு வைக்கிற ஊரில்
வேலைக்குப் போகிறவர்கள்
உப்பை எப்போதுதான் கொடுப்பது?
இரண்டு கையாலும் வாங்கினேன்.
நாற்காலி இல்லை.
"உடையும்" என்று எழுதிய பெட்டியின்மேல்
தயங்கித் தயங்கி அமர்ந்தார்.
உடையவில்லை.

மறுநாள் காலை பால்.
ஒற்றைத் தட்டு மின்னடுப்பு,
உடுப்புத் தோய்க்கும் அறை நிலத்தில்.
கிழக்கு எதுவென்று
ஷெரோனா கைபேசியைப் பார்த்துச் சொன்னாள்.
நுரை விளிம்பைத் தாண்டப்போன நேரம்
அடுப்பு மூன்று தரம் கூவி அணைந்தது.
வழிவது அதற்கு விபத்து.
திரும்ப மூட்டினோம், திரும்ப அணைந்தது.
பிறகு பெனடிற்
சட்டியைத் தூக்குகிற சாட்டில்
கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், சரித்தார்.
நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"பொங்கிற்று" என்றோம் நாலு பேரும்.

பாலன் குடிலுக்கு
மிஞ்சிய ஓடு இரண்டு, அரைச் செங்கல்.
மேய்ப்பர்கள் கிடைத்தார்கள்,
காலுடைந்த ஒட்டகமும்.
பாலனை மட்டும் காணவில்லை.
நள்ளிரவுவரை அவர் தேவையில்லையே
என்று வழக்காடினாள் ஷெரோனா.
சத்திரத்தில் இடமில்லை என்றுதானே கதை?
எங்களிடம் இடமிருக்கிறது,
கதவுதான் இல்லை.
"வாறவர் வாயால் தட்டட்டும்" என்றான் லெவின்.

பூசை முடிந்து
பலகைமேல் ஒருவர் பின் ஒருவராய் வந்து
உடுப்பு மாற்றாமலே படுத்துவிட்டோம்.
மூன்று மணிக்கு
சத்தம் நின்றதில் விழித்தேன்.
வாளி நிறைந்தால் இயந்திரம் தானே நின்றுவிடும்.
இருட்டில் கை இடப்பக்கச் சுவரைத் தடவியது.
அங்கே சுவிச்சு இல்லை.
பதினொரு வருடம் இருந்த
வாடகை வீட்டின் இடப்பக்கம் அது.
நான் வந்துவிட்டேன்,
கை இன்னும் வந்து சேரவில்லை.

வாளித் தண்ணீரை வாசற்சேற்றில் ஊற்றினேன்.
தெளிந்த தண்ணீர்,
சீமெந்து மணம்.
திரும்பும் வழியில் அவன் விரிப்பருகே நின்று
டொக் டொக் என்றேன், மெதுவாக.
தூக்கத்துக்குள்ளிருந்து கேட்டான்,
"யார்?"