ஆரம்ப எடை

எறும்பூரக் கல்லும் தேயும், சரி.
எத்தனை எறும்பு, எத்தனை நாள்,
கல் இழந்தது எவ்வளவு என்று
யாரும் எழுதிவைக்கவில்லை.
நார்வாவில் ஹெல்யே எழுதிவைக்கிறாள்.

ரப்பர்ச் சக்கரம் சுற்றுகிறது.
அதற்கும் எஃகுத் தகட்டுக்கும் நடுவே
உலர்மணல் இழையாக இறங்குகிறது.
இரண்டாயிரம் சுற்று. நிறுத்தி, கழுவி,
உலர்த்தி, தராசில் வைக்கிறாள்.
நான்காவது தசமம் அடங்கும்வரை
மூச்சைக்கூட அந்தப் பக்கம் விடுவதில்லை.

மின்நிலையக் கொதிகலனுக்குள்
எண்ணெய்ப்பாறைச் சாம்பல்
குழாய்களை ராப்பகலாய் அராவுகிறது.
அதற்குத்தான் இந்தக் கவசம்:
பிழம்பில் வீசிப் படியவைத்த
டங்ஸ்டன் கார்பைடு மணிகள்,
கோபால்ட்டில் பதித்தவை.
இன்னொரு தகட்டில் கோபால்ட் குறைவு,
கடினம் கூட, விலையும் கூட.

கடினமானதுதான் முதலில் தோற்றது.
நுண்ணோக்கியில் பார்த்தாள்.
மணிகளின் மேல் ஒரு கீறல் இல்லை.
பிடித்துக்கொள்ளப் போதிய மெத்தை இல்லாமல்
முழுசு முழுசாகக் கழன்றிருந்தன,
ஈறு கரைந்த வாயில் சொத்தையில்லாத பற்கள்.
ஒன்று பதினெட்டு மில்லிகிராம்.
மற்றது அறுபத்து நான்கு.
மணலை மாற்றிப் பார் என்றான் பொறியாளர் ரெய்ன்.
மாற்றினாள். அறுபத்தொன்று.

நான்கு மணிக்கே ஜன்னல் கறுத்துவிட்டது.
எல்லோரும் கோட்டு மாட்டப் போனபோது
சோப்புப் போட்டுத் தன் மோதிரத்தைக் கழற்றினாள்.
இருபத்தேழு வருஷத்து மோதிரம்.
கடையில் கட்டிய அட்டை தையல்பெட்டியில் இருக்கிறது:
மூன்று புள்ளி நான்கு ஒன்று.
தராசு சொன்னது: மூன்று புள்ளி இரண்டு ஒன்பது.

நூற்றிருபது மில்லிகிராம் தங்கம்
எங்கெல்லாமோ போயிருக்கிறது.
பனி தள்ளும் மண்வெட்டிக் காம்பில் கொஞ்சம்,
கம்புமாவில், பேருந்துக் கம்பியில்.
பதினைந்து நாளுக்கொருமுறை
ஹெல்சிங்கியிலிருந்து கப்பலேறி வருகிற
டாவோவின் பிடரியில்
கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம்.
தின்றும் இருப்பார்கள், ரொட்டியோடு.

பதிவேட்டில் நாற்பத்தேழாம் மாதிரி என்று எழுதினாள்.

காலையில் ரெய்ன் விரல் வைத்துக் கேட்டான்:
இது என்ன கலவை?
செம்பு சேர்ந்த தங்கம். பூச்சு இல்லை.
சுமை?
அளக்கவில்லை.
சுற்று?
எண்ணவில்லை.
அடித்துவிடுவான் என்று பேனாவை நீட்டினாள்.
அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து
தன் மோதிரத்தைத் தட்டில் வைத்தான்.
எட்டு வருஷமாம்.
சீட்டு, அட்டை, எதுவும் இல்லையாம்,
வீடு மாறியதில் தொலைந்துவிட்டதாம்.

ஆரம்ப எடை இல்லாமல்
இழப்பைச் சொல்ல முடியாது என்று
இடுக்கியால் எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள்.
தராசைத் துடைத்தாள்.
அடுத்த தகடு
உலர்ந்துகொண்டிருந்தது.