பொறி எண் 64

ஸ்டீம் டிராப் என்றால்
என் மனைவிக்கு எலிப்பொறிதான் ஞாபகம் வருகிறது.
ஒருவகையில் சரி.
தண்ணீர் வந்தால் திறக்கும்,
பின்னாலேயே ஆவி வந்தால் அடைத்துக்கொள்ளும்.
எலியை வைத்துக்கொண்டு
எலியின் வியர்வையை மட்டும் வெளியே விடுகிற பொறி
என்று விளக்கினேன்.
சோற்றுக்கு முன்னால் பேசுகிற பேச்சா என்றாள்.

குடிகாட்டுப் பக்கம், சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனி.
வருஷத்துக்கு மூன்று நாள்
நூற்றுப் பன்னிரண்டு பொறிகளையும் கேட்டு வர வேண்டும்.
கேட்பது என்றால் கேட்பதுதான்.
நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் தலையில் ஊன்றி
பிடியைக் காதெலும்பில் வைத்தால்
உள்ளே கவிழ்ந்த வாளி
மிதப்பதும் மூழ்குவதும் கேட்கும்.
டிக். ஒரு நீண்ட மூச்சு. டிக்.
நல்ல பொறி, பச்சைச் சீட்டு.
விடாமல் சீறினால் சிவப்பு,
கரியைக் காற்றில் கொட்டுகிறார்கள் என்று அர்த்தம்.
சத்தமே இல்லாமல், தொட்டால் சில்லென்று இருந்தால்
அதைவிட மோசம்.
போக வழியில்லாத தண்ணீர்
குழாயின் வயிற்றில் தேங்கிக் கிடக்கும்.
ஆவி அதைத் தூக்கி வளைவில் அறையும்.
போன ஐப்பசியில் அப்படி ஓர் அறை,
வால்வு பிளந்தது.
ஃபிட்டர் சத்தியசீலனின் வலது காதில்
இன்னும் கடல் இரைகிறது,
தேவனாம்பட்டினம் போகாமலே.

அறுபத்து நான்கு, டிரையருக்குப் பின்னால்.
டிக். மூச்சு. டிக்.
ஆனால் வெளிக்குழாய் பாய்லருக்குத் திரும்பவில்லை.
யாரோ யூனியனைக் கழற்றி
ரப்பர் டியூப் செருகி
ஒரு நீல டிரம்முக்குள் விட்டிருந்தார்கள்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் விட்டது.
டிரம் கழுவும் பெண்கள் ஐந்து பேர் வந்தார்கள்,
முழங்கை வரை மஞ்சள்,
ஒருத்திக்கு மட்டும் ஊதா.
இங்கே போர்த் தண்ணீர் உப்பு.
சோப்பு திரியும், நுரைக்காது.
ஆவி அடங்கிய தண்ணீரில் உப்பேது?
ஊதாக்காரி குமுதவல்லி கையைத் தேய்த்தாள்.
அவ்வளவு நுரையை
அந்தக் கம்பெனிக்குள் நான் பார்த்ததில்லை.

"எழுதிடுவீங்களா?"
தலை நிமிராமல் கேட்டாள்.

மணிக்குப் பதினைந்து லிட்டர், தொண்ணூறு டிகிரி.
அவ்வளவையும் மறுபடி சூடாக்க எத்தனை கரி
என்று கணக்குப் போடத்தான் எனக்குச் சம்பளம்.
போட்டேன்.
நாளொன்றுக்கு ஏழு கிலோ.

என் தாளில் மூன்று கட்டங்கள்:
சரி, கசிவு, அடைப்பு.
'சரி'யில் டிக் போட்டேன்.
பொய்யில்லை. பொறி வேலை செய்கிறது.
தண்ணீர் எங்கே போகிறது என்பதற்கு
கட்டம் இல்லை.
இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

"விளாவாம ஊத்திக்காதீங்க, குடிக்காதீங்க" என்றேன்.
"இதைப் போயி யாரு குடிப்பா" என்று சிரித்தார்கள்.
என் கை கிரீஸைப் பார்த்துவிட்டு
ஒருத்தி சோப்பை நீட்டினாள்.

அறுபத்தைந்து சீறிக்கொண்டிருந்தது.
சிவப்புச் சீட்டைக் கட்டும்போது
கம்பி வழுக்கியது,
நகக்கண்ணில் இன்னும் நுரை.