ஏழாம் அறை, ஒன்பதாம் அறை

ஒரே கழுத்தை இரண்டு டாக்டர்கள் பார்ப்பார்கள்,
ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல்.
நடுவில் நான்.
தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் சொல்ல
தலைக்கு நூற்றிருபது ரூபாய்.
கழுத்துக்கு என்றும் சொல்லலாம்.

பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை.
நான்கு என்றால் எலும்பு முறிவு,
எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும்.
தகராறெல்லாம் இடையில்தான்,
படத்தில் விழாத கழுத்துகளில்.
குடையுது, இழுக்குது, சுளுக்கின மாதிரி,
விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது தம்பி.
எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில்
என்னிடம் ஒரே சொல்தான் இருந்தது.

பிலோமினா, நாற்பத்தாறு, லிங்கராஜபுரம்.
கார்மென்ட்ஸில் காலர் தைக்கிறவள்.
ஹெப்பால் மேம்பாலத்தில் நின்றிருந்த கம்பெனி வேனை
தண்ணீர் லாரி பின்னாலிருந்து முட்டியது.
"பெரிய இடி இல்லப்பா,
டிபன் பாக்ஸ்கூட கவுரல.
தல மட்டும் போயிட்டு வந்துச்சு."

ஏழில் டாக்டர் சுபா காமத்.
உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டுதான் தொடுவார்.
இடப்பக்கம் ஐம்பது டிகிரி,
வலப்பக்கம் முப்பத்தெட்டில் முகம் சுளித்தாள்.
கை எப்படி இருக்கு என்று கேட்கச் சொன்னார்.
"செத்தாப்ல இருக்கு."
களைப்பாம், என்றேன்.
இரண்டு, என்று எழுதினார்.

ஒன்பதில் டாக்டர் இம்தியாஸ்.
சின்னச் சுத்தியல், பஞ்சு,
கண்ணை மூடச் சொல்லி விரல் விரலாகத் தடவல்.
தடவுவது தெரியுதா என்றால்
"தெரியுது தெரியுது" என்றாள்,
தையல் மேஸ்திரிக்குச் சொல்கிற அதே வேகத்தில்.
அப்புறம் அதே கேள்வி.
"அதான் சொன்னேனே, செத்தாப்ல."
மரத்துப்போகிறதாம், என்றேன்.
ஏன் மாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை.
காலையிலிருந்து காபி குடிக்கவில்லை.
மூன்று, என்று எழுதினார்.

மார்ச்சில் கணக்கு வந்தது.
அறுபத்திரண்டு கழுத்துகள்,
தற்செயலைக் கழித்த பிறகு
பூஜ்யம் புள்ளி ஐந்து நான்கு.
அதற்கு 'மிதமான ஒப்புதல்' என்று பெயராம்.
கோணத்தை எங்கிருந்து அளப்பது என்று காமத் பேசினார்.
பஞ்சா ஊசியா என்று இம்தியாஸ்.
இரண்டு பேரும் நல்லவர்கள்.
பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்கள்.
எடுத்துக்கொண்டேன்.

அன்று வராந்தாவில் பிலோமினா கேட்டாள்:
"ரெண்டு பேரும் என்னப்பா எழுதுனாங்க?"
சொல்லக்கூடாதும்மா.
"சரி விடு. ஒண்ணுதான் எழுதியிருப்பாங்க,
கழுத்து ஒண்ணுதான."
ஆமாம் என்று தலையாட்டப் போனவள்
பாதியில் நிறுத்திக்கொண்டு
பையைத் தோள் மாற்றினாள்.