நகக்கண்

எல்லோருக்கும் ஒரே நீலத் தொப்பி.
துளையிட்டுக் கம்பி இறக்கிய மண்டையா,
உள்ளே ஒரு மிளகளவு சுட்டுவிட்ட மண்டையா,
கத்தி படாமல் மாத்திரையோடு காலந்தள்ளுகிற மண்டையா,
எனக்குத் தெரியக் கூடாது.
கழுத்துவரை பொத்தான்.
தோலுக்கடியில் பெட்டி புடைத்திருந்தால்
அதுவும் கூடாது.

முன்னா பின்னா என்றும் சொல்வதில்லை.
சீட்டுக்கட்டாய்க் கலக்கிய வீடியோக்கள்.
அவிநாசி ரோட்டு ஹாரன் ஏறிவரும் மூன்றாம் மாடியில்
பூஜ்யத்திலிருந்து நான்குவரை
மார்க் போடுவது என் வேலை.

இருபத்தாறாம் வீடியோ.
ராத்திரியிலிருந்து மாத்திரை இல்லாத ஆள்.
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தட்டச் சொல்கிறார்கள்.
முதல் நாலு தட்டு கொக்கு வாய்,
அப்புறம் குருவி வாய்,
அப்புறம் வாயே இல்லை. மூன்று.
என்னமாச்சும் எழுதுங் என்றதற்கு
‘விரலி முதல் தரம் 13400’ என்று எழுதினார்.
கடைசிச் சைபர் இரண்டும் எறும்பு முட்டை.

நாற்பத்தொன்றாம் வீடியோவில்
அதே வளைந்த சுண்டுவிரல்.
டம்ளர் தண்ணி தளும்பாமல் வாய்க்குப் போகிறது.
கடைசித் தட்டுவரை கொக்கு வாய். ஒன்று.
‘விரலி முதல் தரம் 14150’.
சைபர் முழு வட்டம்.
படிக்கச் சொன்னால்தான்
ஒன்றும் கேட்கவில்லை.
சத்தத்தை முழுக்க ஏற்றினேன்: மின்விசிறி,
படத்துக்கு வெளியே ஒரு பெண்குரல்,
‘ஏனுங், சத்தமாச் சொல்லுங்.’
உதடு மறுபடி அசைகிறது.
பேச்சு: மூன்று.

ஐம்பத்திரண்டு இருபத்தேழாகிறது.
நல்ல கழித்தல். அச்சேறும்.
ஈரோட்டு மஞ்சள் ஏலத்துக்குக் குரல் வேண்டியதில்லை,
சீட்டில் விலை எழுதிப் பெட்டிக்குள் போட்டால் போதும்.
இருட்டில் மோட்டார் ரூமிலிருந்து
அந்தப் பெண்ணைக் கூப்பிட வேண்டுமென்றால்?
அதற்குக் கட்டம் இல்லை.
தெரிந்தே அவர் படிந்த விலையாகவும் இருக்கலாம்.

அப்புறம்தான் கவனித்தேன்.
முதல் படத்தில் நகம் சுத்த வெள்ளை,
மாதக்கணக்காய் மண்டிப் பக்கம் போகாத நகம்.
இரண்டாவதில் பத்து நகக்கண்ணிலும் மஞ்சள்.
மண்டையை மூடினார்கள், நெஞ்சை மூடினார்கள்.

படிவத்தின் கடைசிக் கேள்வி:
எது அறுவைக்குப் பின் என்று ஊகித்தீர்களா?
இல்லை என்று போட்டால் என் மார்க் நிற்கும்.

ஆம்.

நாளைக்கு வேறொருவர் பார்ப்பார்.
பேச்சுக்கு அவரும் மூன்று போட்டாரா என்று
கேட்கவும் எனக்கு அனுமதியில்லை.