மும்முனை மின்சாரம்

அமாவாசை என்றைக்கு என்று
ஸ்கேன் சென்டரில் என்னைத்தான் கேட்பார்கள்.
விரதம் என்று நினைப்பு.
இரண்டு ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்கு
ஒரு அமாவாசை ராத்திரியை விற்பான் தனிஸ்லாஸ்.
பேரம் பேசாமல் வாங்குவேன்.

நிலாவென்றால் அரப்பாளையம் மொட்டைமாடி போதும்.
அதற்கு ஊர்வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை.
பகலெல்லாம் வெயில் குடித்த தளம்
பத்து மணிவரை அனலைக் கக்க,
பள்ளங்களின் விளிம்பு
பால் பொங்குகிற மாதிரி தளும்பும்.
ஆயிரம் படம் எடுத்தால்
அலுங்காமல் நிற்பது அறுபது.
எக்ஸ்ரே அறையில் பழகிய வாய்
அங்கேயும் சொல்லிவிடும்:
மூச்சை இழுத்துப் பிடிங்க.

தூரத்து மங்கல்களுக்குத்தான்
சேடபட்டி தாண்டி வரவேண்டும்.
பைக்கில் கட்டிய குழாயைப் பார்த்து
செக்போஸ்டில் ஒருமுறை கேட்டார்கள்,
எந்த ஊர்ல போர் போடுறீங்க?
வடகிழக்கே மதுரை
அணைக்க மறந்த சூளையாய்க் கிடக்கும்.

துருவ நட்சத்திரம் நமக்கு ரொம்பத் தாழ்வு.
கையை நீட்டி முஷ்டி மடக்கினால்
அதன் மேல் உட்காரும் உயரம்.
உசிலம்பட்டித் தூசிக்குள் அதைத் துழாவி
அச்சை அந்தப் பக்கம் சாய்க்கவே
முக்கால் மணி நேரம்.

மாசி. இரவு ஒன்று ஐந்து.
தெற்கே பனைகளுக்கு மேலே
ஒமேகா சென்டாரி.
முப்பது விநாடி, முப்பது விநாடியாக
ஐம்பத்தாறு படம்.
ஐம்பத்தேழில்
முழுக்க வெள்ளை.

மோட்டார் கொட்டகையில் குண்டு பல்பு.
கரண்டு வந்ததைச் சொல்லவென்றே
சுவிட்சைப் போட்டபடி விட்டிருக்கிறார்கள்.
கயிற்றுக் கட்டிலிலிருந்து
மண்வெட்டியோடு எழுந்தாள் ஒச்சம்மா.
"த்ரீ ஃபேஸ் வந்திருச்சு."
அவ்வளவுதான் விளக்கம்.
பதினெட்டுப் பாத்தி. மூன்று மணி வரைதான் கரண்டு.
கத்தரி வாடுகிறது.

எனக்குச் சொல்ல இருந்தது
பதினேழாயிரம் வருஷம் நடந்துவந்த வெளிச்சம்.
அவளுக்கு
நாலு நாளாக வராத தண்ணீர்.
நெற்றியில் மாட்டியிருந்த சிவப்பு விளக்கைக்
கழற்றிக் கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
மாட்டிக்கொண்டு பல்பை அணைத்தாள்.
"சாமி வந்தவ மாதிரி இருக்கேனா?"

அப்புறம் இருட்டில்
ஒரு சிவப்புப் புள்ளி
பாத்தி பாத்தியாகப் போனது.
மடை திறக்கிற சத்தம். மடை அடைக்கிற சத்தம்.
நடுநடுவே என் ஷட்டர்.

மூன்றுக்குக் கரண்டு போனது, சொல்லிவைத்தபடி.
மூடியைப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டிருந்தேன்.
"மூடிட்டு எதைப் பிடிக்கிற?"
"இருட்டை.
கேமராவோட சூட்டுல புள்ளி புள்ளியா அழுக்கு விழும்.
அதைத் தனியாப் பிடிச்சு
வானத்துல இருந்து கழிக்கணும்."
"அதுக்கு எம்புட்டு நேரம்?"
"வானத்தை ஒருதடவை பிடிக்க எவ்வளவோ
அவ்வளவு. ஒவ்வொண்ணுக்கும்."

சேற்றுக் கையை முழங்காலில் துடைத்துக்கொண்டு
திரைக்குக் குனிந்தாள்.
கொட்டிய ரவை மாதிரி ஒரு குவியல்,
ஓரத்தில் சிதறல்.
"இதுல எது நெசம், எது அழுக்கு?"
"இன்னும் தெரியாது."
"பதினெட்டாம் பாத்தி பாதியில நிக்குது"
என்றாள், அதற்குப் பதில் போல.

புதன்கிழமை மதியம்
ஒரு பையனின் மணிக்கட்டைத்
தட்டில் நேராக்கிக்கொண்டிருந்தபோது போன்.
"அடுத்த வாரம் முறை மாறுது.
ராத்திரி பத்துலருந்து ஒண்ணு.
ஒன்னோடது எத்தனை மணிக்கு வரும்?"
காலண்டரைப் பார்த்தேன். வளர்பிறை.
"அடுத்த வாரம் வேலையாகாதுக்கா.
நிலா இருக்கும்."

"இருக்கட்டுமே" என்றாள்.
"எனக்கு லைட்டு மிச்சம்."