பேசலாம், பாடக்கூடாது

"நடக்கையில் பேச மூச்சு இருக்கணும்.
பாட மூச்சு இருக்கக்கூடாது.
அதுதான் சரியான வேகம்."
மாத்திரைப் பேருக்குக் கீழே
இதையும் சீட்டில் எழுதிக் கொடுத்தது டாக்டர் பொண்ணு.
வாரம் ஐந்து நாள், அரை மணி.

பாட்டுப் பிரச்சினை இல்லை எனக்கு.
பேச்சுதான்.

முப்பத்தோரு வருசம் ரிக் வண்டி.
ராய்ச்சூர், நாக்பூர், ஜோத்பூருக்கும் அந்தப்பக்கம்.
கம்ப்ரஸர் அலறுகிற இடத்தில் வார்த்தைக்கு வேலையில்லை.
கையை உயர்த்தினால் ராடு ஏற்று,
விரலை மடக்கினால் நிறுத்து.
பொங்கலுக்கு வீடு வந்தால்
பாவாயியிடமும் கையைத்தான் ஆட்டியிருக்கிறேன்:
சோறு போதும், தண்ணி கொடு, லைட்டை அணை.

இப்போது அறுபத்து மூன்று.
எங்கள் மாடிக்குப் பதினாறு படி.
ஒன்பதாவதில் நின்று
சாவியைத் தேடுவதுபோல் பையைத் தடவுவேன்.
சாவி எப்போதும் கையில்தான் இருக்கும்.

விடியலில் மலையைச் சுற்றும் சாலை.
செங்கோட்டுப் பாறை பேருக்கேற்ற நிறத்துக்கு வர
இன்னும் கால்மணி இருக்கிறது.
முதல் வாரம் நான் முன்னால், அவள் பின்னால்,
நோம்பிக்குப் போகிற மாதிரி.
அடுத்த வாரம் அவள் முன்னால்.
ரேசன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மாட்டாஸ்பத்திரிக்கும்
நான் இல்லாத வருசமெல்லாம் நடந்த கால் அது.
சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு
மகன் கழித்துப்போட்ட ஷூவில் போகிறவள்
"வெசையா வாங்க" என்று திரும்பிப் பார்க்கிறாள்.
எனக்கு இரைக்கிறது.
அவளுக்கு வேர்க்கவே இல்லை.

மூன்றாம் வாரம் சேர்ந்து நடக்கப் பழகினோம்.
என் இடது காதைக் கம்ப்ரஸர் எடுத்துக்கொண்டது,
அதனால் அவள் வலப்பக்கம்.
மேலே மலையில் ஒருவன்
இடப்பாகத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறான்.
"நம்ம கணக்கு மாத்தி" என்றேன்.
"அவருக்கு ரெண்டு காதும் கேக்குமுங்க" என்றாள்.
நடையில் நாங்கள் பேசிய முதல் பேச்சு.

"எத்தன ஊருல தண்ணி வந்துச்சு?"
வந்த ஊர் நினைவில் நிற்கவில்லை.
வராத ஊரைச் சொன்னேன்.
பீதர் பக்கம், எழுநூற்று இருபது அடி,
கடைசி ராடு வரை புழுதி.
காட்டுக்காரர் எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.
பணத்தையும் எண்ணிக் கொடுத்தார்,
ஒரு ரூபாய் குறைக்காமல்.
இதைச் சொல்லி முடிப்பதற்குள்
மூன்று இடத்தில் மூச்சுக்காக நிறுத்தினேன்.
ஒரு இடத்தில் மட்டும் அது மூச்சுக்காக இல்லை.

அவளிடமும் இருந்தது.
எங்கய்யன் செத்த ராத்திரி
எஸ்.டி.டி. பூத்தில் ஒன்றரை மணி நேரம்,
எந்த மாநிலத்தில் என்னைத் தேடுவதென்று தெரியாமல்
நம்பர் மாற்றி நம்பர் அழுத்தியது.
பூத்துக்காரர் பாதிக் காசு வாங்கவில்லையாம்.
"இப்பச் சொல்லி என்ன பண்ண" என்றாள்,
எல்லாம் சொன்ன பிறகு.
அன்றைக்கு அரை மணியோடு நிற்கவில்லை, ரெண்டு சுற்று.

ஆறு மாதத்தில் பிரசர் இறங்கியது.
மணிக்கட்டைப் பிடித்து நானே எண்ணுகிறேன்:
எழுந்ததும் எண்பத்தெட்டு துடித்த நாடி
இப்போது எழுபத்தொன்று.
இறங்க இறங்க அடிக் கணக்கு ஏறித்தான் பார்த்திருக்கிறேன்.
குறைகிற எண்ணுக்குச் சந்தோசப்படுவது
தொழிலுக்குப் புதுசு.
மாடிப்படியில் இன்னும் நிற்கிறேன். பதிமூன்றாவதில்.

நேற்று, சாலை மேடேறும் இடத்தில்
பாவாயி எதையோ முணுமுணுத்தாள்.
நல்ல காதுப் பக்கம், தப்பாமல் விழுந்தது.
ராகம் இருந்தது.
மேடு முடிகிற வரைக்கும் அறுபடவில்லை.
பிறகு என்னைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினாள்,
சீட்டு ஞாபகம் வந்தவளாக.

பாட முடிந்தால் வேகம் பத்தாது.
கையை உயர்த்தினேன்,
ராடு ஏற்று என்கிற அதே கை.
புரிந்துகொண்டாள்.
வெசை கூட்டினோம்.